பெத்த குத்தமா, வளர்த்த குத்தமா?



சென்ற இதழின் பாடத்தில் இரத்தசோகையைப் பற்றிப் படித்தோம். அதை வாசித்துவிட்டு வீட்டுக்கு ஒரு முருங்கைக் குச்சி நட்டதாகச் சில குழுக்கள் எழுதியிருந்தார்கள். மகிழ்ச்சி. இந்த மாதப் பாடம் அவ்வளவு சுலபமானது இல்லை. "ஆண்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வாசியுங்கள்" என்று மேலே ஒரு வரி போடலாமா என்றுகூட யோசித்தோம். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். வீட்டு ஆம்பளைகளும் கேட்கட்டும்.

விஷயம் ஒரு கடன் மனுவில் ஆரம்பித்தது. நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் ஒரு உறுப்பினர் 20,000 ரூபாய் உள்கடன் கேட்டார். ஒன்பது வருடமாகச் சந்தா தவறாதவர். இதுவரை வாங்கிய கடனில் ஒரு தவணை பாக்கி வைத்தது இல்லை. தீர்மான நோட்டில் காரணம் எழுத வேண்டுமே, ஊக்குநர் கேட்டார்.

"எதுக்குக்கா பணம்?"

"பையனுக்கு வைத்தியம்."

"என்ன நோவு?"

அதற்குப் பதில் வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார். "அவனுக்குப் பொண்ணுங்க மேல மனசே போகலையாம். ஆம்பளைப் பையன் மேலதான் போகுதாம். சின்ன வயசுல இருந்தே அப்படித்தானாம். என் மடியில படுத்துக்கிட்டு அழுவுறான். டவுன்ல ஒருத்தர் ஊசியும் கரண்ட்டும் வெச்சு சரி பண்ணிடலாம்னு சொல்றாரு. மொத்தம் நாப்பதாயிரமாம். பாதி சேத்துட்டேன். அது முடிஞ்ச கையோட என் அண்ணன் பொண்ணைக் கட்டி வெச்சிடலாம்னு இருக்கேன்."

பையனுக்கு 23 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன்.

குழுவில் ஆளுக்கொன்று பேசினார்கள். செல்போன் கெடுத்துவிட்டது என்றார் ஒருவர். ஹாஸ்டலில் சேர்த்ததால்தான் என்றார் இன்னொருவர். அப்பன்காரன் வெளியூரிலேயே கிடந்ததால், அக்கா தங்கச்சிகளோடேயே வளர்ந்ததால், யாரோ செய்வினை வைத்ததால் என்று வரிசையாக வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தத் தாய் ஒன்றே ஒன்று கேட்டார்: "இது பெத்த குத்தமா, வளர்த்த குத்தமா? அதைச் சொல்லுங்க முதல்ல."

ஊக்குநரிடம் பதில் இல்லை. கூட்டமைப்புக்கு வந்தார். எங்களுக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு டாக்டரம்மாவைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டோம். அவர் சொன்ன ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தோம். அந்தத் தாயின் சம்மதத்தோடு, ஊர் பேர் இல்லாமல், இதை எழுதுகிறோம்.

முதலில் சொற்கள்

ஒருவருக்கு யார் மீது ஆசையும் காதலும் வருகிறதோ அதைப் பாலீர்ப்பு என்று சொல்கிறார்கள். பெரும்பாலோருக்கு எதிர்பாலினத்தார் மேல் வருகிறது. சிலருக்குத் தன் பாலினத்தார் மேலேயே வருகிறது, அது தன்பாலீர்ப்பு. இரண்டு பேர் மேலும் வருபவர்களும் உண்டு, அது இருபாலீர்ப்பு.

இதைத் திருநங்கையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. திருநங்கை என்பவர் ஆண் உடலோடு பிறந்து தன்னைப் பெண்ணாக உணர்கிறவர். "நான் யார்" என்பது அவருடைய கேள்வி. தன்பாலீர்ப்பு உள்ள ஆண், தன்னை ஆணாகத்தான் உணர்கிறான். "என் மனசு யார்மேல் போகிறது" என்பதுதான் அவன் விஷயம். நம் குழுவில் முதல் நாள் பேசியவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டையும் ஒன்றாகத்தான் நினைத்தார்கள். எழுதுகிற நாங்களும் அந்தப் பாதியில்தான் இருந்தோம்.

ஆட்டு மந்தையில் நடந்த ஆராய்ச்சி

டாக்டரம்மா எடுத்ததும் ஆட்டைப் பற்றிப் பேசினார். நம்மில் முக்கால்வாசிப் பேர் ஆட்டுக் கடன் வாங்கியவர்கள்தானே, காது தானாகத் திறந்தது.

அமெரிக்காவில் ஐடஹோ என்ற மாநிலத்தில் அரசாங்கச் செம்மறி ஆட்டுப் பண்ணை ஒன்று உண்டு. அங்கே இனவிருத்திக் கிடாக்களைப் பரிசோதித்தபோது 100-க்கு சுமார் 8 கிடாக்கள் பருவத்துக்கு வந்த பெட்டை ஆட்டைப் பக்கத்தில் விட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றக் கிடாக்களையே நாடின. சார்ல்ஸ் ரோசெல்லி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் இந்த ஆடுகளின் மூளையைப் பார்த்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். மூளையின் அடிப்பாகத்தில் இனச்சேர்க்கையோடு தொடர்புள்ள ஒரு சின்ன முடிச்சு, பெட்டையை நாடும் கிடாவுக்குப் பெரியதாக இருந்தது. கிடாவை நாடும் கிடாவுக்கு அது ஏறக்குறைய பாதி அளவுதான்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அந்தப் பண்ணையில் பால் மறந்ததிலிருந்து கிடாக்குட்டிகள் எல்லாம் தனி மந்தையாகத்தான் வளர்கின்றன. ஆண்கள் ஹாஸ்டல் மாதிரி. ஹாஸ்டல்தான் காரணம் என்றால் மந்தை முழுக்க அப்படி ஆகியிருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான கிடாக்கள் பெட்டையைத்தான் தேடிப் போயின. ஒரே தீவனம், ஒரே பட்டி, ஒரே வளர்ப்பு, ஆனாலும் சிலதுக்கு மட்டும் நாட்டம் வேறு. ஆட்டுக்குச் செல்போனும் கிடையாது, செய்வினையும் கிடையாது.

ஆடு வேறு, மனுசன் வேறு, உண்மைதான். மனுசனுக்கு வருவோம்.

இரட்டைப் பிள்ளைகள் சொன்ன சாட்சி

எந்தக் குணமானாலும் அது பிறவியா வளர்ப்பா என்று பார்க்க விஞ்ஞானிகள் இரட்டைப் பிள்ளைகளைத் தேடுவார்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு, அதாவது அப்பன் ஆத்தா வழியாக வரும் விதைக் குறிப்பு, அச்சு அசலாக ஒன்று. இரண்டு கருவாக உண்டான இரட்டையர் சாதாரண அண்ணன் தம்பி மாதிரிதான். முதல் வகையில் இருவரும் ஒத்துப்போவது இரண்டாம் வகையைவிட அதிகமாக இருந்தால், பிறவிக்குப் பங்கு உண்டு என்று அர்த்தம்.

ஸ்வீடன் நாட்டில் 3,800-க்கும் மேற்பட்ட இரட்டை ஜோடிகளை வைத்து இப்படி ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2010-ல் அச்சில் வந்தது. ஆண்களிடம் உள்ள வேறுபாட்டில் மரபணுவின் பங்கு 34 முதல் 39 சதவீதம் என்று அது சொன்னது. பெண்களில் 18, 19 சதவீதம். ஒரே வீட்டில், ஒரே தாய் தகப்பனிடம் வளர்ந்ததன் பங்கு ஆண்களில் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். பெண்களில் 16, 17 சதவீதம்.

மீதி பாதிக்கு மேல் என்ன? அங்கேதான் நாங்களும் தடுமாறினோம். ஆராய்ச்சிக்காரர்கள் அதைச் "சூழல்" என்று எழுதுகிறார்கள். சூழல் என்றதும் நமக்கு வீடு, தெரு, பள்ளிக்கூடம், சினிமா என்று தோன்றுகிறது. அவர்கள் கணக்கில் மரபணு அல்லாத எல்லாமே சூழல்தான். கர்ப்பப்பைக்குள் நடப்பதும் சூழல். எந்தப் பக்கம் குழந்தை ஒட்டிக்கொண்டது, எந்த மாதத்தில் எந்தச் சுரப்புநீர் எவ்வளவு ஊறியது, உறுப்பு உருவாகும்போது தற்செயலாக நடந்த சின்னச் சின்ன மாற்றங்கள், எல்லாமே அதில் சேரும்.

இதைப் புரிந்துகொள்ள நம் கைநாட்டே போதும். ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்குக்கூட விரல் ரேகை ஒன்றாக இருக்காது. அதனால்தான் வங்கியில் தங்கச்சிக்குப் பதில் அக்கா விரலை வைத்தால் செல்லாது. மரபணு ஒன்று, தாய் ஒன்று, கர்ப்பம் ஒன்று, ரேகை மட்டும் வேறு. அந்த ரேகையை வளர்ப்பு தீர்மானித்தது என்று யாரும் சொல்ல மாட்டோம். மரபணு மட்டுமே தீர்மானித்தது என்றும் சொல்ல முடியாது. வயிற்றுக்குள்ளேயே அப்படி அமைந்துவிட்டது.

இந்தச் சதவீதங்களைத் தனி ஆளுக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது என்று டாக்டரம்மா எச்சரித்தார். "உன் பையன் 35 சதவீதம் பிறவியாலும் 65 சதவீதம் வேறு காரணத்தாலும் இப்படி" என்று பிரித்துச் சொல்ல முடியாது. நெல் விளைச்சலில் விதையின் பங்கு எவ்வளவு, மண்ணின் பங்கு எவ்வளவு என்று ஊர் முழுக்க உள்ள வயல்களை வைத்துத்தான் சொல்லலாம். ஒரு கதிரைக் கையில் எடுத்து, இதில் எத்தனை மணி விதையால் வந்தது, எத்தனை மணி மண்ணால் வந்தது என்று கேட்டால் சொல்ல முடியுமா?

ஒரே ஒரு மரபணு இல்லை

1993-ல் டீன் ஹாமர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, தாய் வழியாக வரும் எக்ஸ் குரோமோசோமில் ஒரு பகுதிக்கும் ஆண்களின் தன்பாலீர்ப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினார். உடனே பத்திரிகைகள் "அந்த மரபணு கிடைத்துவிட்டது" என்று கொட்டை எழுத்தில் போட்டன. அப்புறம் வந்த ஆய்வுகளில் சிலது அதை ஆதரித்தது, சிலது இல்லை என்றது.

2019-ல் மிகப் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. 4 லட்சத்து 77 ஆயிரம் பேருக்கு மேல் மரபணுவைப் பார்த்தார்கள். தன் பாலினத்தாரோடு உறவு கொண்டிருந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று தேடினார்கள். ஐந்து இடங்களில் தெளிவான வித்தியாசம் தெரிந்தது. அந்த ஐந்தையும் கூட்டினால்கூட ஒரு சதவீதத்துக்கும் குறைவான விளக்கம்தான். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மரபணு வித்தியாசங்களையும் சேர்த்தால் 8 முதல் 25 சதவீதம் வரை வருகிறது. ஆக, மரபணுவுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஒற்றை மரபணு என்று ஒன்று கிடையாது. உயரமும் நிறமும் பல மரபணு சேர்ந்து அமைவது மாதிரி. ரத்தம் எடுத்துப் பார்த்து "இவர் இப்படி" என்று சொல்ல எந்த லேபிலும் முடியாது. அப்படிச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் மறக்க வேண்டாம்.

அண்ணன்மார் கணக்கு

இது விசித்திரமான செய்தி. கனடாவைச் சேர்ந்த ரே பிளான்சார்ட், அந்தோணி போகார்ட் என்ற இருவர் 1996-ல் கண்டது: ஒரு ஆணுக்கு ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன்கள் எத்தனை பேரோ, அதற்கேற்ப அவன் தன்பாலீர்ப்பு உள்ளவனாக இருக்கும் வாய்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. ஒவ்வொரு அண்ணனுக்கும் மூன்றில் ஒரு பங்கு போல. பயந்துவிட வேண்டாம். அண்ணன் இல்லாதவருக்கு 100-ல் 2 என்றால், ஒரு அண்ணன் உள்ளவருக்கு 2.6 என்கிற அளவுதான். நாலாவது ஆண் பிள்ளைக்குக்கூட 100-ல் 95 பேர் எதிர்பாலீர்ப்போடுதான் இருப்பார்கள்.

இது கூட வளர்வதால் வருகிறதா, வயிற்றிலிருந்து வருகிறதா? 2006-ல் போகார்ட் அதையும் பார்த்தார். தத்து எடுத்த அண்ணன், மாற்றாந்தாய் வயிற்று அண்ணன் என்று கூடவே வளர்ந்தவர்களால் எந்த வித்தியாசமும் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்து வேறு வீட்டில் வளர்ந்த அண்ணனாலும் கணக்கு மாறியது. அப்படியானால் சங்கதி தாயின் உடம்பில்தான்.

நெகட்டிவ் ரத்தம் உள்ள தாய்க்குப் பாசிட்டிவ் பிள்ளை பிறந்தால், அடுத்த பிள்ளைக்கு ஆபத்து வராமல் இருக்க ஊசி போடுவார்கள், நமக்குத் தெரியும். முதல் பிள்ளையின் ரத்தத்தைத் தாயின் உடம்பு அந்நியமாகப் பார்த்து எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது. அதே மாதிரி, ஆண் கருவில் மட்டும் உள்ள ஒரு புரதத்துக்கு எதிராகச் சில தாய்மாரின் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கலாம், அது அடுத்த ஆண் கருவின் மூளையில் சிறு மாற்றம் செய்யலாம் என்பது இவர்கள் யூகம். இளைய மகன் தன்பாலீர்ப்பு உள்ளவராக இருக்கும் தாய்மாரின் ரத்தத்தில் அந்த எதிர்ப்புச் சக்தி கூடுதலாக இருந்ததாக ஒரு ஆய்வு பின்னாளில் வந்தது. இந்தக் கணக்குப் போட்ட முறை சரியில்லை என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் உறுப்பினரின் மகன் தலைப்பிள்ளை. அவனுக்கு அண்ணனே கிடையாது. அவனுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது.

தாய் மேல் போட்ட பழி

இப்போது வளர்ப்புக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் பழி எப்போதும் பொம்பளை தலையில்தான் விழுகிறது, நம் ஊரில் மட்டும் இல்லை.

அமெரிக்காவில் 1962-ல் இர்விங் பீபர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு புத்தகம் போட்டார்கள். அதிகமாக ஒட்டிக்கொள்கிற தாயும் விலகி நிற்கிற தகப்பனும் இருந்தால் பையன் அப்படி ஆகிறான் என்றார்கள். படித்த தாய்மார்கள் எத்தனை ஆயிரம் பேர் அதைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டார்களோ. அந்த ஆய்வில் ஒரு பெரிய ஓட்டை. அவர்கள் பார்த்த 106 தன்பாலீர்ப்பு ஆண்களும் மனநல மருத்துவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று எண்ணிவிட்டு, ஊரே நோயாளி என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

பிறகு 1981-ல், சான் பிரான்சிஸ்கோ பகுதியில் சுமார் 1,500 பேரைப் பேட்டி எடுத்த ஆய்வு வந்தது. சிகிச்சைக்கு வந்தவர்களை மட்டும் வைத்துச் செய்தது அல்ல அது. தாய் வளர்ப்போ தகப்பன் வளர்ப்போ காரணம் என்று சொல்ல ஆதாரம் மிகக் குறைவு என்றார்கள். தகப்பன் பட்டும் படாமலும் இருந்தான் என்றால்கூட, பிள்ளை கொஞ்சம் வித்தியாசமாக இருப்பதைப் பார்த்துத் தகப்பன் விலகியிருக்கலாமே? காரணம் எது, விளைவு எது என்று தலைகீழாகவும் பார்க்க வேண்டும்.

பார்த்துப் பழகி வருவதாக இருந்தால், தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் வளர்த்த பிள்ளைகள் எல்லாம் அப்படி ஆகியிருக்க வேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மிகப் பெரும்பாலானோர் எதிர்பாலீர்ப்போடுதான் இருந்தார்கள். நம் உறுப்பினரின் மகனும் எதைப் பார்த்து வளர்ந்தான்? அம்மா அப்பாவையும், ஊர் முழுக்கப் புருசன் பொண்டாட்டியையும், சினிமாவில் கதாநாயகன் கதாநாயகியையும்தான். பார்த்துக் கற்பது என்றால் அவன் கற்றிருக்க வேண்டியது வேறு.

அதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. சில ஆண் குழந்தைகள் பிறவிக் குறையாலோ, பச்சைக்குழந்தையாக இருக்கும்போது நடந்த மருத்துவத் தவறாலோ ஆணுறுப்பை இழந்துவிட, அந்தக் காலத்து மருத்துவர்கள் பெண்ணாக மாற்றி வளர்க்கச் சொன்னார்கள். பெயர், உடை, பொம்மை, எல்லாம் பெண் பிள்ளை மாதிரியே. 2016-ல் வந்த ஒரு தொகுப்பில் இப்படி ஏழு பேரின் விவரம் இருக்கிறது. பெரியவர்களானதும் அவர்களுக்கு ஈர்ப்பு வந்தது பெண்கள் மேல்தான். பிறந்ததிலிருந்து பெண்ணாகவே வளர்த்தும் அந்த ஈர்ப்பை மாற்ற முடியவில்லை. ஒரு தாய் தன் மகனை மடியில் கொஞ்சம் அதிகமாக வைத்துக் கொஞ்சியதாலா அது மாறிவிடப் போகிறது?

சின்ன வயதில் யாராவது தப்பாக நடந்திருந்தால் இப்படி ஆகுமா என்றும் ஒரு உறுப்பினர் மெதுவாகக் கேட்டார். அப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் தன்பாலீர்ப்பு உள்ளவர்களாக ஆவதில்லை. தன்பாலீர்ப்பு உள்ள பலருக்கு அப்படி எதுவும் நடந்ததும் இல்லை. பிள்ளைகளிடம் தப்பாக நடப்பது 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி குற்றம், 1098-க்குப் போன் செய்யலாம். அதை இதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

பீச்சாங்கைப் பிள்ளைகள்

வயதானவர்களுக்கு நினைவிருக்கும். இடது கையால் எழுதுகிற பிள்ளையை அந்தக் காலத்து வாத்தியார் விரல் முட்டியில் ஸ்கேலால் அடிப்பார். வீட்டில் சோறு போடும்போது கையைக் கட்டிவைத்த தாய்மாரும் உண்டு. 100-க்கு 10 பேர் அப்படிப் பிறக்கிறார்கள். அதிலும் மரபணு கால்வாசிதான் காரணம், மீதி கருவில் மூளை அமைகிற விதம். ஒரே கரு இரட்டையரில்கூட ஒருவர் வலது, ஒருவர் இடது என்று உண்டு. அடித்து மாற்றிய பிள்ளைகள் வலது கையால் எழுதக் கற்றார்கள். பந்தைத் தூக்கிப் போட்டால் இடது கைதான் முதலில் நீளும்.

"அப்ப இது அவனே விரும்பித் தேர்ந்தெடுத்தது இல்லையா?" என்று கேட்டார்கள். நாங்கள் திருப்பிக் கேட்டோம்: உங்களுக்கு ஆண்கள் மேல் நாட்டம் வர வேண்டும் என்று எந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டீர்கள்? கூட்டம் சிரித்துவிட்டது. அந்தத் தாயும் அன்றைக்குத்தான் முதல்முறை சிரித்தார்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன ஆராய்ச்சிகளில் நிறைய ஆண்களை வைத்தே நடந்தவை. பெண்களின் ஆசையைப் பற்றிக் கேட்க, வழக்கம்போல, ஆட்கள் குறைவு. அமெரிக்காவில் லிசா டயமண்ட் என்ற பேராசிரியை சுமார் 80 பெண்களைப் பத்து வருடம் தொடர்ந்து சந்தித்து 2008-ல் புத்தகம் எழுதினார். பல பெண்களுக்கு ஈர்ப்பு காலப்போக்கில் தானாக இப்படி அப்படி நகர்ந்தது என்று கண்டார். ஆனால் தானாக நகர்வது வேறு, பிறர் பிடித்துத் தள்ளி நகர்த்துவது வேறு என்பதை அவரே அழுத்திச் சொல்கிறார்.

அந்த நாற்பதாயிரம் ரூபாய் வைத்தியம்

நோய் என்றால்தானே வைத்தியம்? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. நம் நாட்டு மனநல மருத்துவர் சங்கமும் 2018-ல் இது நோய் இல்லை என்று சொன்னது.

கரண்ட் ஷாக், வாந்தி மருந்து, ஊசி என்று வெளிநாடுகளில் எல்லாவற்றையும் செய்து பார்த்தாகிவிட்டது. ராபர்ட் ஸ்பிட்சர் என்ற பெரிய மருத்துவர், சிலரால் மாற முடியும் என்று 2003-ல் ஒரு கட்டுரை எழுதினார். 2012-ல், தான் செய்தது தவறு என்று தன்பாலீர்ப்பு உள்ளவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இப்படிச் "சரி பண்ணுகிற" சிகிச்சையால் ஈர்ப்பு மாறுவதில்லை. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும்தான் கூடுகிறது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் தீர்ப்புச் சொன்னது. 2021-ல் மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு இளம்பெண்கள், பெற்றோரின் புகாரால் போலீஸ் தொந்தரவு என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களையும் பெற்றோரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். பிறகு, தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தானும் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து தீர்ப்பு எழுதினார். நீதிபதியே "எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லும்போது நமக்கு என்ன வெட்கம்? மருத்துவத்தால் மாற்ற முயல்வதை அந்தத் தீர்ப்பு தடை செய்தது. அதைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், இப்படிச் சிகிச்சை செய்வது மருத்துவரின் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. டவுனில் 40,000 கேட்டவர் டாக்டராக இருந்தால், அவர் மேல் புகார் கொடுக்கலாம்.

சட்டப்படி திருமணம் மட்டும் இல்லை. 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் 2025 மே மாதம், பெற்றோர் வீட்டில் அடைத்துவைத்த 25 வயதுப் பெண்ணை அவருடைய தோழியோடு போக விட்ட சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் மட்டும்தான் குடும்பத்துக்கு வழி என்று இல்லை, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான் என்றது.

அண்ணன் மகள்

கூட்டத்தில் இன்னும் ஒன்று நடந்தது. எல்லோரும் பையனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, குழுவிலேயே மூத்த உறுப்பினர், அறுபதைத் தாண்டியவர், சொன்னார்: "கட்டி வெச்சா சரியாப் போயிடும்னுதான் எனக்கும் கட்டி வெச்சாங்க. அவரு தங்கமான மனுசன். ஒரு நாள் கை நீட்டினது இல்ல. ஆனா முப்பது வருசம் ஒரே வீட்டுல ரெண்டு பேரும் தனித்தனியாப் படுத்தோம். எனக்குக் குழந்தை இல்லைனு ஊரே மலடின்னுச்சு. அவரு சாவுறதுக்கு முன்னால ஒரு தடவை எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. எதுக்குன்னு நானும் கேக்கலை, அவரும் சொல்லலை."

அதற்கப்புறம் அந்தக் கூட்டத்தில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடன் கேட்ட உறுப்பினர் நோட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் காரணத்தை அடிச்சிடு பாப்பா" என்றார் ஊக்குநரிடம்.

20,000 ரூபாய் மனு திரும்பப் பெறப்பட்டதாகத் தீர்மான நோட்டில் பதிவாகியிருக்கிறது. அண்ணனிடம் "பையனுக்கு இப்ப கல்யாணம் வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டார். அண்ணி கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பையனின் அப்பா இன்னும் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பையன் சனிக்கிழமை தோறும் அம்மாவுக்குப் போன் செய்கிறான். சேர்த்துவைத்த பாதிப் பணத்தில் கறவை மாட்டுக்குக் கொட்டகை போட்டாகிவிட்டது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை மனசு விட்டுச் சொன்னால், ஊசிக்காரரையும் பூசாரியையும் தேடி ஓடும் முன் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். காசு இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். பிள்ளை உயிரை விடுவது போல் பேசினால் அந்த நிமிடமே பேசுங்கள், தனியாக விடாதீர்கள். அடைத்துவைப்பது, அடிப்பது, கட்டாயக் கல்யாணம் என்று போனால் இலவச சட்ட உதவிக்கு 15100.

இந்தப் பாடத்தைக் குழுவில் வாசித்த பிறகு எழும் கேள்விகளைத் தாளில் எழுதி, மாதாந்திரக் கூட்டத்துக்கு வரும்போது கூட்டமைப்பு அலுவலகத்தில் உள்ள பெட்டியில் போடுங்கள். பெயரோ குழுவின் பெயரோ எழுத வேண்டாம். டாக்டரம்மா அடுத்த கூட்டத்துக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.